பவளப்பாறை வீடு மாறுமா?

"சாலை வேண்டும், துறைமுகம் வேண்டும். அந்த இடத்தில் பவளப்பாறை இருந்தால் என்ன? பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டால் போயிற்று!" இப்படிப் பேசுவோர் உண்டு. பெருநகரங்களில் சில வீடுகளின் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து, அதில் பவள உயிர்களை வளர்க்கும் ஆசையும் பரவியிருக்கிறது. வீடு மாறும்போது கட்டில், பீரோ, பாத்திரங்களோடு அந்தத் தொட்டியையும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். கடலில் ஒரு பாறைத்திட்டை இடம் மாற்றுவதும் கூடத்தில் ஒரு தொட்டியை இடம் மாற்றுவதும் அளவில் வேறானவை. ஆனால் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான். பவளப்பாறை என்பது தூக்கி வைக்கக்கூடிய ஒரு பொருளா?

அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. அது ஒரு பொருள் அன்று. ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலை. பொருளைத் தூக்கி வைக்கலாம். வேலையைத் தூக்கி வைக்க முடியுமா? வாருங்கள், ஆராய்ந்து பார்ப்போம்.

கல்லா, விலங்கா, செடியா?

பவளப்பாறையை நம் கடற்கரை மக்கள் முருகைக்கல் என்பார்கள். பார்வைக்குக் கல்தான். ஆனால் அதன் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு பை போன்ற உடல். வாயைச் சுற்றி உணர்கொம்புகள். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு தனக்கு அடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கிண்ணங்களே பாறையாகின்றன.

இதோடு வியப்பு முடியவில்லை. அந்த விலங்கின் உடல் செல்களுக்குள் ஸூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. விலங்கு வெளிவிடும் கரியமில வாயுவையும் கழிவுகளையும் பாசி எடுத்துக்கொள்கிறது. சூரிய ஒளியில் உணவு சமைத்து, பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கே வாடகையாகத் தருகிறது. பவள உயிரிக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இப்படிக் கிடைப்பதுண்டு. ஆகவே பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும், வெயில் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கூட்டுக்குடித்தனம் முறிந்துபோகும்.

சோளக்காட்டுக்கு ஒரு தொட்டி

இப்போது ஒரு கற்பனைச் சோதனை செய்வோம். தூத்துக்குடிக் கரையில் நன்றாக வளர்ந்த ஓர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. 200 லிட்டர் கொள்ளும். அதைக் கொல்லிமலையில் உள்ள சோளக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் சோளக்காடு? புது வீடு பழைய வீட்டிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவுக்குப் பழைய வீடு பவளத்துக்கு என்னவெல்லாம் தந்துகொண்டிருந்தது என்பது வெளிப்படும். கடலுக்கும் மலைக்கும் உள்ளதை விடப் பெரிய வேறுபாடு ஏது?

கற்பனைச் சோதனை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாறை கட்டும் பவள உயிர்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. எனவே இந்தப் பயணம் நம் மனத்தில் மட்டுமே நடக்கட்டும்.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. 200 லிட்டர் நீர் ஏறத்தாழ 205 கிலோ. ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு என்றால் அதில் 7 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. தொட்டியை அப்படியே தூக்கினால் கண்ணாடி விரிந்துவிடும். நீரை இறைக்க வேண்டும், மீன்களைப் பிடிக்க வேண்டும், கற்களைத் தனியே எடுக்க வேண்டும்.

"நீரைக் கொட்டிவிட்டு, மலையில் சுனைநீர் பிடித்து உப்பைக் கலந்துகொண்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சமையல் உப்பு கடல்நீர் ஆகாது. கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும், சுமார் 1300 மில்லிகிராம் மெக்னீசியமும், இன்னும் பல தனிமங்களும் உள்ளன. கால்சியம் குறைந்தால் பவளம் எதைக் கொண்டு வீடு கட்டும்? இதற்கெனத் தயாரித்த உப்புக்கலவை கடைகளில் கிடைக்கிறது. ஆனால் நீர் கிடைத்துவிட்டால் தொட்டி வந்துவிட்டது என்று பொருளா?

தாய்மண் எங்கே?

கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பலாக்கன்றையோ காப்பிக்கன்றையோ பெயர்த்து நடும்போது வேரை உதறி எடுப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள தாய்மண்ணோடு எடுத்து நடுகிறோம். உதறினால் மெல்லிய வேர்கள் அறுந்து, அவற்றோடு வாழும் நுண்ணுயிர்களும் போய், கன்று வாடும்.

உப்புநீர்த் தொட்டிக்குத் தாய்மண் எது? அதிலுள்ள துளைத்துளையான கற்கள். மீன்கள் தம் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகின்றன. அது நஞ்சு. கற்களின் மேல் படிந்திருக்கும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதன் தீங்கு குறைவு. கல்லின் உட்புறத்தில், பிராணவாயு எட்டாத இடுக்குகளில் வாழும் மூன்றாம் வகையினர் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துப்புரவுப் படைதான் தொட்டியைக் காப்பாற்றுகிறது. புதிய தொட்டி ஒன்றில் இப்படை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும்.

வண்டியில் கற்கள் காய்ந்துபோனால் என்ன ஆகும்? பாக்டீரியாக்களும், கல்லிடுக்கில் வாழும் புழுக்களும் சிறு நண்டுகளும் மடியும். மடிந்தவை அழுகும். அழுகினால் அம்மோனியா பெருகும். அதைச் சுத்தம் செய்ய வேண்டிய படையோ செத்துக் கிடக்கிறது! வீடு மாறிய தொட்டி ஒரே இரவில் பாழாவது பெரும்பாலும் இவ்வாறுதான். அடிமணலைக் கிளறினாலும் ஆபத்தே. ஆழத்தில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பி மீன்களைக் கொல்லும்.

எழுபது வளைவுகள்

மீன்களைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தாயிற்று; வண்டி கிளம்பிவிட்டது. பைக்குள் என்ன நடக்கிறது? மீன் மூச்சுவிடுகிறது. கரியமில வாயு நீரில் கரைகிறது. நீரின் காரத்தன்மை குறைகிறது. அம்மோனியாவும் சேர்ந்துகொண்டேயிருக்கிறது. ஆனால் காரம் குறைந்த நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். மீனும் உயிரோடு இருக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து வைக்கிறோம். கரியமில வாயு வெளியேறுகிறது. காரத்தன்மை மீண்டும் ஏறுகிறது. அம்மோனியம் உடனே நச்சு அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. வழியெல்லாம் பிழைத்த மீன் வாசலில் சாகிறது! பையைத் திறந்தபின் காலம் தாழ்த்தக் கூடாது என்பது இதனால்தான்.

அடிவாரமான காரவள்ளியிலிருந்து சோளக்காடு போக 70 கொண்டைஊசி வளைவுகள் ஏற வேண்டும். குலுக்கலை ஒருவாறு சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மேலே இன்னொன்று காத்திருக்கிறது. உயரம் ஏறஏறக் காற்றழுத்தம் குறையும். 1200 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். நீரில் கரையும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறையும். 25 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் கடற்கரையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். மலையில் அது 6 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். நீரைக் குளிரவிட்டால் அதிகம் கரையுமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 18 டிகிரிக்குக் கீழே நெடுநாள் குளிர்ந்திருக்கும் கடல்களில் பவளப்பாறைகள் வளர்வதில்லை. மார்கழிக் குளிரில் கொல்லிமலையில் நீரைச் சூடேற்றியே ஆகவேண்டும். சூடேற்றினால் பிராணவாயு குறையும். குறைந்தால் காற்றை ஓயாமல் செலுத்த வேண்டும். இரவில் மின்சாரம் நின்றால்?

கடலில் அலையும் நீரோட்டமும் வெயிலும் கூலி கேளாமல் செய்துவந்த வேலைகளையெல்லாம் இப்போது மோட்டாரும் ஹீட்டரும் விளக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. பவளத்தை மட்டும் நாம் கொண்டுவந்தோம். கடலைக் கொண்டுவர முடியவில்லை.

1846இல் ஒரு பெண்மணி

இதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆனா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1846இல் அவர் டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து சில பவள உயிர்களைக் கடல்நீர் நிரப்பிய ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. நீரில் காற்று கலக்கச் சன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் காப்பி ஆற்றுவதில்லையா, அதுபோலத்தான்! பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்து வளர்த்தார். உயிரை இடம் மாற்ற வேண்டுமானால் அது செய்துவந்த கொடுக்கல் வாங்கலையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. சில பவளங்களுக்கே நாள்தோறும் இவ்வளவு உழைப்பு என்றால், ஒரு பாறைத்தொடருக்கு எவ்வளவு வேண்டும்?

கடலுக்குள் வீடு மாற்றம்

தொட்டியில் கற்ற பாடத்தோடு இனிக் கடலுக்குச் செல்வோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் முருகைக்கற்கள் டன் கணக்கில் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. பாறை போனால் தீவும் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அழிந்த இடங்களில் மீண்டும் பவளம் வளர்க்கும் முயற்சியைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002ஆம் ஆண்டிலிருந்து செய்துவருகிறது. அருகிலுள்ள நல்ல பவளங்களிலிருந்து சிறு கிளைகளை எடுத்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் சட்டங்களின் மேல் வைக்கிறார்கள். முருங்கைப் போத்து நடுவதைப் போன்ற வேலை. கிளைவிடும் பவள இனங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளரக்கூடியவை. ஆகவே சில ஆண்டுகளில் பலன் தெரிகிறது. இங்கே கவனியுங்கள். அதே கடல், அதே நீர், அதே வெப்பம். பவளம் தன் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் பிழைக்கிறது.

மும்பையில் கடற்கரைச் சாலை அமைத்தபோது வேறொன்று நடந்தது. வழியில் குறுக்கிட்ட 18 பவளக் கூட்டங்களை 2020இல் வொர்லி, ஹாஜி அலி ஆகிய இடங்களிலிருந்து பெயர்த்து, வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அரசின் அனுமதி பெற்று, விஞ்ஞானிகள் கவனத்தோடு செய்த வேலை அது. திறமையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். வெறும் பதினெட்டு! அதற்கே இவ்வளவு ஏற்பாடு. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, பவளத்தை மாற்றலாம்" என்று ஒரு முழுப் பாறைத்தொடருக்கும் தீர்ப்பு எழுதுவது நியாயமா? ஒரு நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்றது என்பதற்காக, எல்லோரும் நோயை வரவழைத்துக்கொள்ளலாம் என்று சொல்வோமா?

கூடவே வரும் விருந்தாளிகள்

இடமாற்றத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எந்த உயிரும் தனியாகப் பயணம் செய்வதில்லை. கல்லோடு பாசியும், நீரோடு முட்டையும், கிளையோடு நோயும் வரும். 1984இல் மொனாக்கோ நாட்டின் கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே மத்தியதரைக் கடலில் காலர்ப்பா என்னும் பாசி ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. மீன்தொட்டி அழகுக்காக வளர்க்கப்பட்ட இனம் அது. பின்னர் அது பல நாட்டுக் கரைகளில் பரவிப் பெருந்தொல்லையாயிற்று. நம் மண்டபம் பகுதியிலும் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைக்கஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். வீட்டுத்தொட்டி அலுத்துப்போனால் அதிலுள்ளதைக் கடலிலோ ஓடையிலோ கொட்டிவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

மாற்ற இடம் எங்கே?

எதிர்த்தரப்பினர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. "சாலையே வேண்டாம், துறைமுகமே வேண்டாம் என்று ஒரு நாடு இருக்க முடியுமா? அழியவிடுவதைவிட மாற்றி வைப்பது மேலல்லவா?" என்கிறார்கள். மேல்தான். வேறு வழியே இல்லாதபோது அது முதலுதவி. ஆனால் முதலுதவிப் பெட்டி இருக்கிறது என்பதற்காகக் காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே யாரேனும் பவளத்தை மாற்றிவிடலாம் என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று: திட்டத்தைச் சற்று நகர்த்த முடியுமா என்று முதலில் பார்த்தீர்களா? இரண்டு: புது இடத்தின் ஆழமும் ஒளியும் நீரோட்டமும் பழைய இடத்தைப் போன்றவையா? அங்கே ஏற்கெனவே பவளம் செழித்திருக்கிறதா? செழிக்கவில்லையானால் ஏன்? மூன்று: நட்ட மறுமாதம் எடுத்த படத்தைக் காட்டாமல், பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணிக் கணக்குக் காட்டுவீர்களா? இம்மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அதற்கு இடமாற்றம் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது அழிவே.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கோடையில் மன்னார் வளைகுடா நீர் அளவுமீறிச் சூடாயிற்று. வெப்பம் தாங்காத பவளங்கள் தம்முள் வாழ்ந்த பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போயின. கடலடிப் பரப்பில் சுமார் 39 சதவீதத்தை மூடியிருந்த உயிர்ப்பவளம், அந்த ஒரே ஆண்டில் சுமார் 23 சதவீதமாகக் குறைந்தது. சாலையும் துறைமுகமும் ஓரிடத்தைக் கெடுக்கும். பக்கத்து இடத்துக்குப் போகலாம். கடலே சூடானால் எந்த இடத்துக்கு மாற்றுவது?

மலைமேல் இருந்து என்ன செய்யலாம்?

சோளக்காட்டு மாணவனுக்கும் பவளப்பாறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு காற்றில் இருக்கிறது. உலகெங்கும் எரியும் நிலக்கரியும் பெட்ரோலும் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை சிறிது சிறிதாகக் குறைகிறது. சுண்ணாம்பு கட்டும் உயிர்களுக்கு வேலை கடினமாகிறது. காலியான ஒரு கிளிஞ்சலையோ முட்டை ஓட்டையோ வினிகரில் போட்டுப் பாருங்கள். குமிழ் கிளம்பும், ஓடு கரையும். கடல் வினிகரைப் போல் புளித்துவிடப் போவதில்லை. ஆனால் சுண்ணாம்புக்கும் அமிலத்துக்கும் உள்ள பகையை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். மலையில் நிற்கும் ஒரு சோலையும், வீணாக எரியாத ஒரு விளக்கும் கடலுக்குச் செய்யும் உதவிதான்.

கொல்லிமலையே நமக்கு இன்னொரு பாடமும் தருகிறது. இங்கே சாமை, தினை, கேழ்வரகு வகைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முயன்றபோது, விதைகளைப் பெட்டியில் பூட்டிவைப்பதோடு நிற்கவில்லை. உழவர்கள் தம் வயலிலேயே விதைத்து, அறுத்து, உண்டு, மீண்டும் விதைக்கும்படி ஊக்கினார்கள். பயிர் தன் மண்ணில் இருந்தால்தான் பயிர். சாமைக்கு மலைச்சரிவு எப்படியோ, பவளத்துக்குக் கடல் அப்படி.

மாணவர்களே, தொட்டியில் உயிர்களை வளர்த்துப் பார்க்கும் ஆசை நல்ல ஆசைதான். உங்கள் ஊர்க் குளத்து நீர்ச்செடிகளையும் சிறு மீன்களையும் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். பார்த்து முடித்ததும் எடுத்த குளத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு ஓடையில் விடாதீர்கள். அம்மோனியா சுழற்சியின் விஞ்ஞானம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. பவளத்தைப் பார்க்க வேண்டுமா? அதை உங்கள் வீட்டுக்கு அழைக்காதீர்கள். நீங்கள் அதன் வீட்டுக்குப் போங்கள். நீங்கள் போகும் நாளில் அந்த வீடு அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கவலை.